ஏழு மணி நேரம், நல்ல தூக்கம்

மெத்தை வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் அதன் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு குலுங்கு குலுங்கிவிட்டு, நன்றாக இருக்கிறது என்று எழுந்துவிடுவார்கள். அது தவறு. உட்காருவதற்கு நாற்காலி இருக்கிறது. மெத்தையில் படுக்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீர்களோ அந்தப் பக்கம் திரும்பி, பேசாமல் பத்து நிமிடம். பன்னிரண்டு வருடமாக இதைத்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று எழுதிவிட்டீர்கள். 'மெத்தைக் கடை விற்பனையாளர்' என்று திருத்திக்கொண்டால் நல்லது. இந்த விஷயத்துக்கு அது முக்கியம்.

"நீங்க எதுல படுக்கறீங்க?" என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். "இதே மாடல்தாங்க, ஆறு அங்குலம்" என்பேன். அதில்தான் படுக்கிறேன், பொய்யில்லை. தூங்குகிறேனா என்று யாரும் கேட்டதில்லை.

எனக்குத் தூக்கம் வராது. இதை வாய்விட்டுச் சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் டாக்டராகிவிடுவார். எங்கள் மேனேஜர் வெந்நீரில் கால் வைக்கச் சொன்னார். எதிர்க்கடைக்காரர் நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார். ஒன்று வரை எண்ணி முடித்த பிறகு என்ன செய்வது என்று கேட்டதற்கு, மறுபடி நூறிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். என் மாமனார், உடம்பு வளைந்து வேலை செய்கிறவனுக்கு இந்த வியாதி வராது என்று பொதுவாகச் சொல்வதுபோல் என்னைப் பார்த்துச் சொன்னார். பால், புத்தகம், மூச்சுப் பயிற்சி, செல்போனை அடுத்த அறையில் வைப்பது என்று ஒன்று விடாமல் செய்தேன். கால் மட்டும் சுத்தமாக இருந்தது.

என் மனைவிக்கு இந்தத் தொல்லையே கிடையாது. அவள் ஒரு பேக்கரியின் டெலிவரி வேன் ஓட்டினாள். விடியற்காலை நாலே முக்காலுக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினால் ஏழு மணிக்குள் பதினெட்டுக் கடைகளில் ரொட்டி இறக்கிவிடுவாள். அதனால் இரவு ஒன்பது மணிக்கே படுக்கை. தலை தலையணையில் பட்டதும் அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிடுவாள். நான் கேட்ட கேள்விக்கு அவள் சொல்லிக்கொண்டிருந்த பதில் பாதியில் நின்றிருக்கும். பக்கத்தில் நான் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடப்பேன். அவள் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. கோபமும் இருந்தது. இதையெல்லாம் ஒளிப்பதில் அர்த்தமில்லை.

விஷயம் பிடிபட்டது கடையில்தான். ஒருநாள் மதியம் இடுப்புவலிக்கார டீச்சர் ஒருவர் வந்தார். எவ்வளவு சொல்லியும் படுக்க மறுத்துவிட்டார். நாலு பேர் பார்க்கிற இடத்தில் எப்படிப் படுப்பது என்று கூச்சம்.

"நீங்களே படுத்துக் காட்டுங்களேன். முதுகு எப்படி நிக்குதுன்னு நான் பார்க்கறேன்."

படுத்தேன். ஒருக்களித்துப் படுத்தால் தோள்பட்டை எவ்வளவு அமுங்க வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிற கண்ணோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கண் விழித்தபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது, மேனேஜர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"ரெண்டு மெத்தை எழுதிட்டுப் போயிருக்காங்க. எழுப்ப வேண்டாம்னு சொன்னாங்க" என்றார் மேனேஜர். அவருக்கு என்னைத் திட்டுவதா பாராட்டுவதா என்று தெரியவில்லை.

நான் யோசித்தேன். பஸ்ஸில் எனக்கு நன்றாகத் தூக்கம் வரும், டிரைவர் விழித்திருப்பார். முன்பு ஒரு தடவை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நர்ஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பிரமாதமாகத் தூங்கினேன். பக்கத்தில் யாராவது ஒருவர் எனக்காக விழித்திருந்தால் எனக்குத் தூக்கம் வருகிறது. இவ்வளவு சின்ன விஷயம். இதற்குப் போய் ஐந்து வருடம் வெந்நீர் காய்ச்சியிருக்கிறேன்.

மனைவியிடம் அதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் சிரித்திருப்பாள். சிரித்துவிட்டுத் தூங்கியிருப்பாள்.

முதல் தடவை நான் திட்டமிட்டுச் செய்யவில்லை. விளக்கை அணைத்த பிறகு, "வேன்ல ஹேண்ட் பிரேக் போட்டியா?" என்று கேட்டேன். உண்மையான அக்கறையில் கேட்டதுதான். வேனை வாசலில் சரிவான தெருவில்தான் நிறுத்துவாள்.

"போட்டேன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "போட்டேன்னுதான் நினைக்கறேன்" என்றாள்.

பிறகு எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் விழித்திருப்பது மூச்சிலேயே தெரிந்தது. அதைக் கேட்டபடியே தூங்கிப்போனேன். ஐந்து மணி நேரம்.

அதற்குப் பிறகு கொஞ்சம் கற்றுக்கொண்டேன். பெரிய கவலை உதவாது. பெரிய கவலை என்றால் அவள் காலையில் எழுந்ததும் நாலு பேருக்கு போன் செய்து அதை முடித்துவிடுவாள். கெட்டிக்காரி. சின்னதாக, பிடி கிடைக்காததாக இருக்க வேண்டும். "உங்க அண்ணன் குரல் இன்னைக்கு ஒரு மாதிரி இருந்துச்சு இல்ல?" என்பது நாலு நாளுக்கு வந்தது. "உங்க முதலாளி என்கிட்ட உன்னைப் பத்தி ஏதோ சொல்ல வந்தாரு, அப்புறம் சொல்லல" என்பது ஒரு வாரம். "உன் முதுகுல இருக்கற மச்சம் முன்னாடியே இருந்ததா?" என்பது மூன்று வாரம் ஓடியது. முதுகு என்பதால் அவளால் பார்க்கவும் முடியவில்லை. தினமும் என்னிடம்தான் கேட்பாள். "அப்படியேதான் இருக்குன்னு நினைக்கறேன்" என்று சொல்வேன்.

என் முகத்தில் களை வந்தது. கடையில் எல்லோரும் சொன்னார்கள். விற்பனையும் கூடியது, நன்றாகத் தூங்கியவன் விற்கிற மெத்தையை யாருக்குத்தான் பிடிக்காது. மேனேஜர் தன் வெந்நீர் வைத்தியம்தான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவரின் மனதைப் புண்படுத்துவானேன் என்று விட்டுவிட்டேன்.

அவள் மெலிந்தாள். ஒரு கடையில் இறக்க வேண்டிய ரொட்டியை இன்னொரு கடையில் இறக்கினாள். ஒருநாள் பேக்கரி கேட்டிலேயே வேனை உரசிவிட்டாள். அவள் முதலாளி நல்ல மனுஷர். "முதல்ல டாக்டரைப் பாருங்கம்மா, வேன் எங்கயும் ஓடிடாது" என்று அனுப்பிவைத்தார். நான் லீவு போட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கைவிடுகிற புருஷன் இல்லை நான்.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். இரண்டு வாரம் வண்டி ஓட்டக் கூடாது என்றார். தூங்குவதற்கு மாத்திரை எழுதினார். பிறகு ஒரு படிவத்தை எடுத்து, அவளிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார். தேதி, தூங்கிய நேரம், தூக்கம் எப்படி என்று மூன்று கட்டங்கள்.

"தூக்கம் வராதவங்க, தூங்கினதையே தூங்கலைன்னு சொல்வாங்க. அவங்க பொய் சொல்லல, அவங்களுக்கு அப்படித்தான் தோணும். அதனால நான் எப்பவும் கூட இருக்கறவங்களைத்தான் எழுதச் சொல்வேன். ரெண்டு வாரம் கழிச்சு இதைப் பார்த்துதான் வண்டி ஓட்டலாமா வேண்டாமான்னு எழுதித் தருவேன்."

அது அவருடைய வழக்கம். இத்தனை வருடத்தில் அவரை ஏமாற்றாத வழக்கமாகத்தான் இருந்திருக்கும்.

முதல் நாள் மாத்திரை போட்டாள், தூங்கினாள், நான் விழித்திருந்தேன். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் கடையில் ஒரு வாடிக்கையாளரிடம் தலையணையை மெத்தை என்று சொல்லிவிட்டேன். இப்படியே இரண்டு வாரம் போனால் என் வேலை போய்விடும் என்று பயமாக இருந்தது.

வீட்டில் மாத்திரைகளை உறையிலிருந்து பிரித்து, கிழமைவாரியாக டப்பாவில் போட்டு வைப்பது நான்தான். அவள் அப்படியே எடுத்து விழுங்குவாள், பார்க்க மாட்டாள். என் கால்சியம் மாத்திரையும் அதே வெள்ளை, ஏறக்குறைய அதே அளவு. கால்சியம் பெண்களுக்கு நல்லதுதான்.

நாலாம் நாள் காலை சாப்பிட உட்கார்ந்தபோது, "மாத்திரை கேட்கலைங்க. ராத்திரி முழுக்க முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன்" என்றாள்.

"ரெண்டு மணிக்கு நான் எழுந்தப்போ உன்னைக் கூப்பிட்டேன். நீ அசையவே இல்ல."

"நீங்க கூப்பிட்டீங்களா?"

"ரெண்டு தடவை."

அவள் தட்டில் இருந்த இட்லியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாள். பிறகு, "அப்ப தூங்கித்தான் இருக்கேன் போல" என்றாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைக் கொடுத்தது நான் என்பதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அன்று படிவத்தில், ஏழு மணி நேரம், நல்ல தூக்கம் என்று எழுதினேன். அடுத்த நாளும் அதையே. இதில் நான் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். நான் பொய்க்கணக்கு எழுதவில்லை. அந்த அறையில், அந்தக் கட்டிலில், ஒவ்வொரு இரவும் ஏழு மணி நேரத் தூக்கம் நடந்தது. யாருடைய தூக்கம் என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

தூங்கவில்லை என்று எழுதியிருக்கலாம்தான். எழுதினால் டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார், அல்லது மாத்திரையை எடுத்துப் பார்ப்பார். அதனால் நல்ல தூக்கம் என்றுதான் எழுத வேண்டியிருந்தது. நல்ல தூக்கம் என்று எழுதினால் வண்டி ஓட்ட அனுமதி கிடைக்கும் என்பதும் எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்ல மாட்டேன்.

பத்தாம் நாள் வாக்கில் அவள், "எனக்குப் பைத்தியம் பிடிக்குதாங்க?" என்று கேட்டாள்.

"பைத்தியமெல்லாம் இல்ல. டாக்டர் அன்னைக்கே சொன்னாரே, அப்படித்தான் தோணும்னு."

தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவள் தன்னைப் பற்றி எதையும் தானாகச் சொல்வதை விட்டுவிட்டாள். காலையில் எழுந்ததும் என்னைக் கேட்பாள். "நேத்து எப்படித் தூங்கினேன்?"

டாக்டர் படிவத்தைப் பார்த்து அசந்துபோனார். இவ்வளவு ஒழுங்காக யாரும் எழுதிக் கொண்டுவந்ததில்லை என்றார். அவள் தயங்கித் தயங்கி, "டாக்டர், எனக்கு என்னவோ தூங்கின மாதிரியே இல்ல. கண்ணுக்குள்ள மணல் போட்ட மாதிரி இருக்கு" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நான் சொன்னேனே, பார்த்தீர்களா என்கிற மாதிரி. நானும் புன்னகைத்தேன். அவர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட அரை நிமிடம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. படிவத்தின் நகல் ஒன்று கிடைக்குமா என்று மட்டும் கேட்டேன்.

மறுநாள் விடியற்காலை வேன் சாவியை எடுத்துக்கொண்டு வாசல்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"நான் ஓட்டலாம் இல்லங்க?"

"ஏன் கேக்கற? ஏழு மணி நேரம் தூங்கியிருக்க."

"சரி" என்றாள். நான் சொன்னதை அவள் நம்பினாள். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதையும் அவள் சந்தேகப்பட்டதில்லை. அவளிடம் எனக்கு ரொம்பப் பிடித்த குணம் அது.

நேரான சாலை. ஆளில்லாத நேரம். கிடங்குச் சுவரில் மோதுவதற்கு முன் பிரேக் அழுத்திய தடமே தரையில் இல்லை என்று உங்கள் ஆட்களே எழுதியிருக்கிறார்கள். ரொட்டி அந்தச் சாலை முழுக்கச் சிதறிக் கிடந்ததாம். நான் போவதற்குள் பெருக்கிவிட்டார்கள்.

டாக்டர் வீட்டுக்கு வந்தார். படிவம் அவர் கையில் இருந்தது. அவர் மேல் விசாரணை என்றும், தொழில் செய்யவே விடமாட்டார்கள் போலிருக்கிறது என்றும் சொன்னார். "எங்க தப்பு பண்ணினேன்னே தெரியல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பாவம். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. மாத்திரையை மாற்றியது நான். படிவத்தை எழுதியது நான். அவள் கண்ணை மூடவில்லை என்று தெரிந்தே வேனில் ஏற்றி அனுப்பியது நான். இதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இத்தனை நாள் கழித்து ஏன் வந்தீர்கள் என்று கேட்டீர்கள். முதல் நாலு நாள் உறவுக்காரர்கள் வீட்டில் இருந்தார்கள். என் மாமியார் கூடத்தில் உட்கார்ந்து இரவெல்லாம் அழுதுகொண்டிருந்தார். நான் நன்றாகத் தூங்கினேன். அதன்பிறகு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். இன்றோடு பதினோரு நாள், பொட்டுத் தூக்கம் இல்லை. கண்ணைப் பார்த்துவிட்டு, பெண்டாட்டி மேல் உயிரையே வைத்திருந்தான் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அதனால் நீங்கள் காரணம் என்ற இடத்தில், மனசாட்சி உறுத்தியதால் தானாக வந்தார் என்று எழுதியிருப்பது சரிதான்.

லாக்கப்புக்கு வெளியே இரவு முழுக்க ஒருவர் விழித்திருப்பாராமே. சற்று முன் அந்தக் காவலரிடம் பேசினேன், மரியாதையானவர். ஆனால் இரண்டு முறை கொட்டாவி விட்டார். வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை, ஒரு வாரமாக இருமல், பயப்பட ஒன்றுமில்லை என்று மருந்துக் கடையில் சொல்லிவிட்டார்களாம். நான் எதுவும் சொல்லவில்லை. "ஒரு வாரமாவா?" என்று மட்டும் கேட்டேன்.