குத்தகைக்கு ஒரு ஒத்திகை

ஓப்பல்: மறுபடியும் முதல்லேருந்து வருவோம்ணே. நான்தான் கெண்ட்ரிக், எரிவாயு கம்பெனிக்காரன். கதவைத் தட்டுறேன்... டக் டக்.

லூதர்: வாங்க தம்பி, வாங்க. உக்காருங்க. காபி போடட்டுமா?

ஓப்பல்: போச்சு!

லூதர்: என்ன போச்சு?

ஓப்பல்: காபி கிடையாதுன்னு இப்பத்தானே சொன்னேன்? கப்பு அவன் கைக்குப் போயிடுச்சுன்னா அப்புறம் உன் வாயில 'முடியாது'ங்கிற வார்த்தையே வராது.

லூதர்: வீட்டுக்கு வந்தவனுக்கு ஒரு காபி கூடவா...

ஓப்பல்: குத்தகை பேச வர்றான். விருந்துக்கு வரல.

லூதர்: சரி சரி. உக்காருங்க தம்பி. காபி இல்ல. தூள் தீர்ந்துடுச்சு.

ஓப்பல்: பொய் எதுக்குச் சொல்ற?

லூதர்: வெறுமனே இல்லன்னா மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்காது?

ஓப்பல்: உன்னை வச்சுக்கிட்டு நான்... சரி, மேல கேளு. 'என்ன மிஸ்டர் லூதர், இந்த வருஷம் புல்லு அமோகமா வந்திருக்கே!'

லூதர்: ஆமா தம்பி, ஏப்ரல்ல நல்ல மழை...

ஓப்பல்: பதில் சொல்லாதே!

லூதர்: புல்லைப் பத்திக் கேட்டாக் கூடவா?

ஓப்பல்: புல்லைத்தான் முதல்ல கேப்பான். அப்புறம் அப்பா வாசிச்ச ஃபிடில். அப்புறம் உன் முழங்கால் வலி. அதுக்குள்ள நீ அவனை மடியில தூக்கி வச்சுக் கொஞ்ச ஆரம்பிச்சுடுவ.

லூதர்: நீ அவன்கிட்ட போன்லதானே பேசுன? நேர்ல பார்த்தவ மாதிரி அவனை மாதிரியே தொப்பியைக் கழட்டி முழங்கால் மேல வைக்கிறாப்ல நடிக்கிற...

ஓப்பல்: ...தொப்பி போட்ட எல்லாப் பயலும் அங்கதான் வைப்பான். பேச்சை மாத்தாதே. என்னென்ன கேக்கணும்? சொல்லு பாப்போம்.

லூதர்: துளை போடுற மேடை நம்ம நிலத்துல வரக்கூடாது. பக்கத்து மலையிலேருந்து பூமிக்குள்ளயே படுக்கையாத் துளைச்சு வந்து எடுத்துக்கட்டும்.

ஓப்பல்: ம்.

லூதர்: ஊத்துத் தண்ணியை அவன் செலவுல முன்னாடியே சோதிச்சுப் பாக்கணும். கெட்டுப்போனா அவன்தான் பொறுப்புன்னு எழுதணும்.

ஓப்பல்: அப்புறம்?

லூதர்: அப்புறம்... வாயு வித்து நமக்கு வர்ற பங்குல குழாய்ச் செலவு, அந்தச் செலவு, இந்தச் செலவுன்னு பிடிக்கக் கூடாது. கிளார்க்ஸ்பர்க் வக்கீல் சொன்னதெல்லாம் எனக்குத் தலைகீழாப் பாடம். நான் கேக்கறது இருக்கட்டும், நீ கேக்கணும் ஓப்பல். ஒண்ணு விடாம நீ கேட்டே ஆகணும்.

ஓப்பல்: நான் என்னத்தைக் கேக்கறது? மேல இருக்கிற மண்ணு உன்னோடது. அடியில இருக்கற வாயுவுலதான் எனக்குப் பாதி. மேடை வந்தா உன் புல்வெளியிலதான் வரும். நீதான் கல்லு மாதிரி நிக்கணும்.

லூதர்: பாதின்னாலும் அது இல்லாம அவனால ஒரு ஆணி அடிக்க முடியாதுல்ல? ரெண்டு கையெழுத்தும் விழணும்ல?

ஓப்பல்: விழணும்.

லூதர்: அப்பா கட்டில்ல கிடந்தப்போ அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் சொன்னோம். போட்டா சேர்ந்து போடுவோம், இல்லன்னா போடவே மாட்டோம்னு.

ஓப்பல்: ...மறக்கல.

லூதர்: அதனால நீ தனியாப் போட்டுடாத. என்ன கஷ்டம் வந்தாலும்...

ஓப்பல்: எனக்கு என்ன கஷ்டம்? நல்லா இருக்கேன்.

லூதர்: குளிர்காலத்துல வீட்டைச் சூடாக்குற கேஸ் தொட்டி காலியாக் கிடந்துச்சாம். கோட்டைப் போட்டுக்கிட்டே படுத்தியாம். கடையில சொன்னாங்க.

ஓப்பல்: கடையில எதைத்தான் சொல்லல? எனக்குப் பல்லு கட்டினதைக் கூடத்தான் சொன்னாங்க.

லூதர்: காலுக்கு அடியில மலை முழுக்க வாயு. மேல என் தங்கச்சி குளிர்ல நடுங்குறா. எங்கிட்ட வந்திருக்கலாம்ல?

ஓப்பல்: வந்து? உன் வீட்ல விறகையும் உன் இருமலையும் தவிர என்ன இருக்கு? விடுண்ணே. அவன் வர்ற நேரமாச்சு. இன்னொரு தடவை பாத்துடலாம். டக் டக்.

லூதர்: வேண்டாம் ஓப்பல்.

ஓப்பல்: கடைசித் தடவை. காபின்னு வாயைத் திறந்தே, நான் எந்திரிச்சுப் போயிடுவேன். டக் டக்.

லூதர்: தட்டாதேடி... அவன் பேச வரல.

ஓப்பல்: பின்ன?

லூதர்: அளக்க வர்றான். ஆளுங்களோட வந்து புல்வெளியில முளைக்குச்சி அடிக்கப் போறான்.

ஓப்பல்: உன் கையெழுத்து இல்லாம எப்படி?

லூதர்: நான் போட்டுட்டேன்.

ஓப்பல்: எப்போ?

லூதர்: கல்லறைக்குப் பூ வைக்கிற ஞாயித்துக்கிழமைக்கு மறுநாள்.

ஓப்பல்: மேடை?

லூதர்: நம்ம நிலத்துலதான்.

ஓப்பல்: ஊத்து?

லூதர்: அதைப் பத்தி ஒரு வரி கூட எழுதல. நான் ஒண்ணுமே கேக்கல ஓப்பல். பாடம் பண்ணினதெல்லாம் வாய்க்குள்ளயே நின்னுபோச்சு... என்னைத் திட்டு.

ஓப்பல்: திட்டல.

லூதர்: திட்டுடி! அன்னிலேருந்து கண்ணாடியைப் பாக்காமத்தான் சவரம் பண்றேன். இங்க பாரு, தாடையெல்லாம் வெட்டு. என் மூஞ்சியைப் பாக்க எனக்கே வெக்கமா இருக்கு.

ஓப்பல்: அப்ப எதுக்கு இவ்வளவு நேரம் என்னைக் கதவு தட்ட விட்ட?

லூதர்: நீ தட்டுற வரைக்கும் நான் இன்னும் போடாத மாதிரி இருந்துச்சு.

ஓப்பல்: ...காபி குடுத்துட்டியாக்கும்.

லூதர்: காபின்னா சமாளிச்சிருப்பேன். கல்லறையைச் சுத்தம் பண்ண சனிக்கிழமை மலைக்குப் போனேன். முழங்கால் இழுக்குது, உக்காந்து உக்காந்து ஏறுறேன். மேல போய்ப் பாத்தா அந்தக் கெண்ட்ரிக் நிக்கிறான்! சட்டையைக் கழட்டிப் போட்டுட்டுப் புதரை வெட்டிக்கிட்டு இருக்கான். அப்பா கல்லு சாஞ்சு கிடந்துச்சுல்ல? அதை நிமிர்த்தி, அடியில சல்லி போட்டு இடிச்சு வச்சிருக்கான். அம்மாவுக்குச் செத்துப் பொறந்த குழந்தை கல்லு வரைக்கும் ஒண்ணு விடாமத் தேச்சிருக்கான்.

ஓப்பல்: நம்ம கல்லறையில அவனுக்கு என்ன வேலைன்னு கேக்கலையா?

லூதர்: கேட்டேன். 'உங்களுக்கு முடியலன்னு கேள்விப்பட்டேன், அதான் சும்மா'ன்னான். கூலி நீட்டினேன், வாங்கல. உப்புப் போட்டுத் தொங்கவிட்ட பன்னித்தொடை ஒண்ணு எடுத்துக் குடுத்தேன், அதையும் வாங்கல. நம்ம செத்தவங்களுக்கு ஒருத்தன் வேர்வை சிந்திட்டு வெறுங்கையோட போனா, அந்தக் கடனை நான் எதைக் குடுத்துத் தீர்ப்பேன்? ரெண்டு ராத்திரி தூக்கமே இல்ல. திங்கக்கிழமை வந்து காகிதத்தை எடுத்து வச்சான். எனக்குப் பேரம் பேச நாக்கு எழும்பல.

ஓப்பல்: கிராதகப் பய...

லூதர்: முட்டாப் பய நானு. அப்பா கல்லை அவன் நிமிர்த்தினான். அவர்கிட்டச் சொன்ன வார்த்தையை நான் சாச்சுட்டேன். எந்த மூஞ்சியோட இனி அந்த மலையேறுவேன்?

ஓப்பல்: ...அப்படிச் சொல்லாதண்ணே.

லூதர்: இன்னும் ஒண்ணும் குடி முழுகிடல. அதுக்குத்தான் உன்னை வரச்சொன்னேன். எல்லாம் இப்ப உன் கையிலதான் இருக்கு. நீ போடலன்னா என் கையெழுத்து வெறும் கிறுக்கல். புல்வெளியும் தப்பிக்கும், ஊத்தும் தப்பிக்கும்.

ஓப்பல்: அண்ணே...

லூதர்: 'என் தங்கச்சி போடலையே, நீ எப்படித் தம்பி அளக்க வருவே'ன்னு கேட்டேன். 'அதெல்லாம் பாத்துக்கலாம் மிஸ்டர் லூதர்'னு சிரிக்கிறான். உன்னை அவனுக்குத் தெரியல. என்னை மாதிரி ஏமாந்தவன்னு நினைச்சுட்டான்.

ஓப்பல்: அண்ணே, கொஞ்சம் நான் சொல்றதை...

லூதர்: ஆனா அவனைக் கெட்டவன்னும் சொல்ல மனசு வரலடி. உங்கண்ணி, என் ரீத்தா கல்லுல பூ வச்சிருந்தான். வெள்ளைப் பியோனி. கடைப்பூ இல்ல, பனி ஈரத்தோட. செத்தா எனக்கு வெள்ளைப் பியோனிதான் வைக்கணும்னு அவ சொன்னது நம்ம வீட்டுக்குள்ள சொன்னது. அது அவனுக்கு எப்படித் தெரியும், சொல்லு? அவளே சொல்லி அனுப்பின மாதிரி இருந்துச்சு. அங்கேயே உக்காந்து அழுதுட்டேன்... வண்டிச் சத்தம் கேக்குது பாரு. எந்திரி ஓப்பல். வெளியில போய் 'நான் போடமாட்டேன்'னு அவன் மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்தை சொல்லு.

ஓப்பல்: நான் பிப்ரவரியிலயே போட்டுட்டேண்ணே. நீயும் போட்டாத்தான் என் பணம் கைக்கு வரும்னான். அண்ணன் எதுக்கு இளகுவாருன்னு கேட்டான், சொன்னேன்... அண்ணி யார்கிட்டயும் சொல்லி அனுப்பல. அந்தப் பூ என் வாசல்ல பூத்தது. நான்தான் விடியக்காலையில வெட்டி, ஈரத்துணியில சுத்தி, அவன் வண்டியில வச்சேன்.