ஆறாம் நம்பர் வீட்டுக் கதவு

1979ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 19ஆம் திகதி முற்பகல் 9.40க்கு பொலிஸ் நிலையத்தில் தமிழில் பதியப்பட்டது.

எனது பெயர் சிங்கராயர் மரியகொரட்டி. வயது 37. தொழில் தேயிலைக் கொழுந்து பறித்தல். விலாசம் கொழுந்து மடுவம், கீழ்ப்பிரிவு, மொட்டைக்கல் தோட்டம், பெரகல. மடுவம் விலாசமாகாது என்று எனக்குச் சொல்லப்பட்டது. எனக்கு வேறு விலாசம் கிடையாது.

எனது கணவர் சிங்கராயர் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் வேலை செய்தபோது மேல்தட்டிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர். அவரால் நடக்க முடியாது. 1977ஆம் ஆண்டு கடைசி மழையில் மண் சரிந்து தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் நான்கு காம்பிராக்கள் விழுந்தன. ஒன்று எங்களுடையது. அதன் பின்னர் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தின் ஒரு மூலையில் இருக்க எங்களை விட்டார்கள். ஒரு நாளைக்கு மூன்று தடவை கொழுந்து நிறுப்பார்கள். மூன்று தடவையும் பாயைச் சுருட்டி, அவரைத் தூக்கி வெளியே உட்கார வைக்க வேண்டும். மழையென்றால் படங்குச் சாக்கால் மூடி வைப்பேன். நிறைக்கு வரிசையில் நிற்கும் பெண்கள் அவரைப் பார்க்காத மாதிரி நிற்பார்கள்.

1978ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், பதுளையிலிருந்து நேசக்கரம் வீட்டுதவிச் சங்கத்தின் செயலாளர் யேசுரத்தினம் என்பவர் வந்து கூட்டம் வைத்தார். நாடு முழுக்க ஏழைகளுக்கு வீடில்லை, எல்லோருக்கும் கட்ட எங்களால் ஏலாது, இந்தத் தோட்டத்தில் ஒன்பது குடும்பத்துக்காவது கட்டுவோம் என்று சொன்னார். வீடு வேண்டியவர்கள் கல்லும் மணலும் சுமந்து கொடுக்க வேண்டும் என்றார். நான் கை தூக்கினேன். என் பெயரை எழுதிக்கொண்டார். வேறு எதையும் கேட்கவில்லை.

அதன் பின்னர் அவர் மடுவத்துக்கு வந்து, என் கணவர் படுத்திருப்பதைப் படம் பிடித்தார். என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்தப் பக்கம் பார்க்கச் சொல்லி மறுபடியும் பிடித்தார். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வெளிநாட்டிலிருந்து உதவி வந்தது என்று அடுத்த கூட்டத்தில் அவரே சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அதன் பின்னர் பதினொரு மாதம், வேலை முடிந்த பின்னேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஆற்றிலிருந்து கல் சுமந்தேன். ஆற்றிலிருந்து வீடு கட்டும் இடம் ஏறக்குறைய அரை மைல் ஏற்றம். தலையில் ஒரு இடத்தில் முடி முளைப்பதில்லை. பண்டாரவளையிலிருந்து வந்த மேசன் பாஸ் றவூப் என்பவர், எங்களுக்கென்று சொல்லியிருந்த ஆறாம் நம்பர் வீட்டுக்கு மட்டும் வாசற்படி வைக்காமல், சரிவாக மண் போட்டுச் சீமெந்து பூசினார். ஏன் என்று கேட்டதற்கு, “இது ஒங்கட ஊடு தங்கச்சி. அவர இழுத்துக் கொண்டு போக லேசா இரிக்கும்” என்றார்.

கடந்த ஜனவரி மாதம் சங்கத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. அதில் பிரஜாவுரிமை பற்றிக் கேட்டிருந்தது. என் மாமனார் உயிரோடு இருந்தபோது எங்கள் எல்லோருக்குமாக இந்தியப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டவர். எங்களுக்கு இந்தியப் பாஸ்போட் வந்து ஆறு வருடம். கப்பலுக்கு நாள் வரவில்லை. நான் இந்தியாவைக் கண்டதில்லை. அங்கே எங்களுக்கு யாருமில்லை. உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன்.

நேற்று 18ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பு விழா. பதுளையிலிருந்து பெரிய ஆட்கள் வந்திருந்தார்கள். செயலாளர் பெயர்களை வாசித்தார். ஆறாம் நம்பருக்கு மேல்லயத்து வேலாயியின் பெயரை வாசித்தார். வேலாயிக்கு மழை ஒழுகும் காம்பிராவாவது இருக்கிறது. அவள் கல் சுமந்தது கடைசி நாலு கிழமை. அவளிடம் இலங்கைப் பிரஜாவுரிமை இருக்கிறது.

நான் செயலாளரிடம் போய்க் கேட்டேன். அவர் வந்தவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாக, “ஊருக்குப் போறவங்களுக்கு எதுக்கும்மா இங்க வீடு? சங்கத்து முடிவு அப்படி” என்றார்.

“கல்லு சொமக்குறப்ப நான் எந்த நாட்டுக்காரின்னு கேட்டீங்களாய்யா?” என்றேன். அவர் விருந்தாளிகளிடம் போனார்.

அதன் பின்னர் நான் மடுவத்துக்குப் போய், என் கணவரை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தேன். அவர் “வேணாம் கொரட்டி, அசிங்கமாப் போகும்” என்றார். இனிமேல்தானா அசிங்கம் என்று கேட்டேன். எல்லோரும் முதலாம் நம்பர் வீட்டில் ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆறாம் நம்பர் வீட்டுக்குள் போய் அவரைத் தரையில் படுக்க வைத்தேன். சீமெந்து இன்னும் குளிராக இருந்தது. அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பின்னர் வேலாயி வந்து, “எங்க வீட்ட விட்டு வெளிய வாடி, கள்ளத்தோணி” என்று சத்தம் போட்டாள். அவளும் நானும் ஒரே மலையில் கொழுந்து பறிக்கிறவர்கள். அவள் மாமனாரும் என் மாமனாரும் இந்தியாவிலிருந்து ஒரே கங்காணியோடு ஒரே கப்பலில் வந்தவர்கள். நான் கதவைச் சாத்தப் போனபோது செயலாளர் ஓடி வந்து கதவு நிலையில் கையை வைத்தார். “படம் புடிக்கிறாங்க, மானத்த வாங்காத, வெளிய வா” என்றார். நான் கதவைச் சாத்தினேன். அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் முறிந்தன.

அதன் பின்னர் பொலிஸார் வந்தார்கள். நானே கதவைத் திறந்தேன். என் கணவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் மறுபடியும் மடுவத்தில் போட்டார்கள். என்னை நேற்றே இங்கே கொண்டுவந்துவிட்டதால், அவர் சாப்பிட்டாரா என்று எனக்குத் தெரியாது.

இன்று காலை சங்கத்திலிருந்து ஒருவர் வந்து, தோட்டத்து ஆட்களுக்கு முன்னால் செயலாளரிடம் மன்னிப்புக் கேட்டால் முறைப்பாட்டை வாபஸ் வாங்குவதாகவும், அடுத்த தடவை வீடு கட்டும்போது என்னைப் பற்றி யோசிப்பதாகவும் சொன்னார். எனக்குச் சம்மதமில்லை. அடுத்த தடவையும் கல் சுமக்க ஆள் வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

கதவைச் சாத்தும்போது செயலாளரின் கை அங்கே இருந்ததைக் கண்டீரா என்று சார்ஜன்ட் ஐயா கேட்டார். கண்டேன். கண்டுதான் சாத்தினேன். காணவில்லை என்று சொன்னால் வழக்கு லேசாகும், யோசித்துச் சொல்லும் என்றார். யோசித்தேன். எழுதியபடியே இருக்கட்டும்.

இதுவரை நான் சொன்னதெல்லாம் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கூட்டவோ வெட்டவோ ஒன்றுமில்லை. எல்லாம் நடந்தது.

(ஒப்பம்) சி. மரியகொரட்டி