இன்னொரு விரல்

— பதினெட்டு, அக்கா. பாருங்கோ, சுகர் இண்டைக்கும் பதினெட்டு.

— கையை வடிவாக் கழுவினனியோ? விரலிலை ஏதும் சீனி ஒட்டியிருக்கும்.

— ரெண்டு தரம் கழுவிப்போட்டுத்தான் குத்தினனான். ஏழு, எட்டுக்கு மேல போகக்கூடாதெண்டு நர்ஸ் சொன்னவள்.

— தேத்தண்ணியைக் குடி, சஞ்சயன். ஆறுது.

— அவள் என்னை நம்புறாளில்லை. சோத்தை விட்டாச்சு. பஸ் டிப்போவிலை ஆரும் கேக் வெட்டினா நான் வெளியிலை போய் நிக்கிறன். போன மாதம் குளிசையையும் கூட்டித் தந்தவள். எண்டாலும் இறங்குதில்லை. ஒளிச்சுத் தின்னுறாய் போல எண்டு சிரிக்கிறாள். லண்டனிலை இல்ஃபோர்ட் பக்கம் தமிழ் தெரிஞ்ச நர்ஸ் ஒராள் இருக்கிறாவாம். அவவைப் பாக்க ஆறு மாதம் காத்திருக்கவேணுமாம்.

— விசர்ப்பெட்டை. அவளுக்கென்ன தெரியும்.

— வெள்ளிக்கிழமையும் இப்பிடிக் காட்டினா இன்சுலின்தானாம். பேந்து லைசென்ஸைத் திரும்பப் பாத்து முடிக்குமட்டும் நான் பஸ் ஓட ஏலாது.

— அப்ப நாங்கள் என்ன செய்யிறது?

— அதைத்தான் நானும் யோசிக்கிறன். உங்கட அகதிக் கேஸை ரிஜெக்ட் பண்ணினவங்கள் உங்களை வேலை செய்யவும் விடமாட்டாங்கள்.

— நான் உனக்குப் பாரமாப் போனன்.

— அந்தக் கதையை விடுங்கோ. நீங்கள் இல்லாட்டி விடிய எழும்பி ஆர் எனக்குக் குளிசை எடுத்துத் தாறது? கையிலை தாறதைப் பாக்காமல் விழுங்கிப்போட்டு ஷிப்டுக்கு ஓடுறன்.

— தேத்தண்ணியைக் குடியன்.

— பொறுங்கோ. இந்த மிஷின்தான் பிழையோ தெரியேல்லை. உங்கட விரலைத் தாங்கோ.

— எனக்கேன்? எனக்கென்ன வருத்தம்?

— அதுதான். வருத்தமில்லாத ஆளுக்கு அஞ்சு, ஆறுதான் காட்டவேணும். கூடக் காட்டினா மிஷின் பிழை.

— வேண்டாமடா. எனக்கு ஊசியெண்டாப் பயம்.

— உங்களுக்கு எல்லாத்துக்கும் பயம். டொக்டரிட்டப் பதிஞ்சாலும் பிடிச்சு ஊருக்கு ஏத்திப்போடுவாங்களெண்டு பயம். இது எறும்பு கடிச்ச மாதிரித்தான். தாங்கோ. முடிஞ்சுது, பாத்தியளே.

— எத்தினை?

— பதினாறு. அக்கா, உங்களுக்கும் பதினாறு காட்டுது.

— அதைத் துடைச்சு வை, தம்பி.

— என்னத்துக்கு வைக்கிறது? நான் தப்பினன், அக்கா. மிஷின்தான் பிழை. நாளைக்கே கொண்டுபோய் அவளின்ர மேசையிலை வைக்கிறன். நான் ஒளிச்சுத் தின்னேல்லையெண்டு இப்பவாவது நம்பட்டும். ஏன் அழுறியள்? சந்தோசப்படுங்கோ.

— மிஷின் பிழையில்லை, தம்பி. உன்ர குளிசையிலை பாதியை நான்தான் இவ்வளவு நாளும் விழுங்கினனான்.