பந்தயத் திடலின் எட்டாவது தூண்

ஓடுகிறேன். இடுப்பில் மகள். வயது இரண்டு. பின்னால் கடல் அதிர்கிறது. டும். டும். பிறகு ஒரே ஒரு பெரிய சத்தம். கூரைகள் குலுங்கின. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

1914, அக்டோபர் 28. பினாங்கு. விடிந்தும் விடியாத நேரம்.

என் வீட்டுக்காரர் சாம்பான் படகு ஓட்டுபவர். கப்பலுக்கும் கரைக்கும் ஆள் ஏற்றுவார். வீட்டில் கடிகாரம் கிடையாது. தினமும் விடியலில் கோட்டையில் பீரங்கி வெடிப்பார்கள். அதைக் கேட்டுத்தான் எழுந்திருப்போம். அன்று முதல் சத்தம் கேட்டதும் அதுதான் என்று நினைத்தேன். அவருக்கு முதல் நாள் காய்ச்சல். அசையாமல் கிடந்தார். உலுக்கினேன்.

"ஏங்க, குண்டு போட்டாச்சு! எந்திரிங்க லா, சவாரி போயிடும்!"

போனார். கடலுக்குள் கால் ஊன்றிய வீடு, வாசலில் இறங்கினால் தண்ணீர். நாலு தடவை துடுப்பு போட்டிருப்பார். துறைமுகம் முழுக்க நெருப்பு. ஜெர்மன் கப்பல் ஒன்று ரஷ்யக் கப்பலைச் சுட்டுக்கொண்டிருந்தது. எங்களுக்கு எங்கே தெரியும்? தண்ணீரிலிருந்து அவர் கத்தினார்.

"ஓடு, செல்லம்மா! ரேஸ் திடலுக்கு ஓடு! உன் தூண்கிட்ட நில்லு, வந்துடறேன்!"

பந்தயக் குதிரைகளுக்குப் புல் அறுப்பவள் நான். பார்வையாளர் மேடைக்கு அடியில், எட்டாவது மரத்தூணில் அரிவாளைச் செருகி வைப்பேன். மாலையில் அங்கே வந்துதான் என்னைக் கூட்டிப்போவார். அங்கேயே நின்றேன். மூன்று நாள். குதிரைக்காரர்கள் சோறு கொடுத்தார்கள். மகள் தின்றாள். எனக்கு இறங்கவில்லை. நான்காம் நாள் கடற்கரைக்குப் போனேன். அவர் சாம்பானின் ஒரு பலகைகூட ஒதுங்கவில்லை.

இது 1939. பந்தயம் வேறு திடலுக்குப் போய்விட்டது. நேற்று பழைய திடலுக்குள் நுழைந்தேன். தடுக்க ஆளில்லை. லாயங்களில் கதவில்லை. மேடைப் படிகளில் ஆட்டுப் புழுக்கை. குதிரை ஓடிய பாதையில் லாலான் புல் இடுப்பளவு. எண்ணிக்கொண்டே நடந்தேன். எட்டாவது தூண் நிற்கிறது. அரிவாள் செருகிய வெட்டு அப்படியே இருக்கிறது. விரலை வைத்தேன். அழுதுவிட்டேன். இருபத்தைந்து வருஷத்து அழுகை. மேடையை இடிக்கப் போகிறார்களாம். இடித்துவிட்டால் அவர் எங்கே வந்து என்னைத் தேடுவார்? பைத்தியக்காரப் பேச்சுதான். தெரியும்.

மறுபடியும் ஜெர்மன்காரனோடு சண்டை என்கிறார்கள். அதனால் சொல்லி வைக்கிறேன். அன்று செத்த சிப்பாய்களை எண்ணினார்கள். எங்கள் வீட்டை யாரும் எண்ணவில்லை.

ஒரு புருஷன். ஒரு சாம்பான். இரண்டு துடுப்பு. அப்பா முகம் நினைவில்லாத மகள் ஒருத்தி. பிறகுதான் சொன்னார்கள், அந்த முதல் சத்தம் கேட்டபோது கோட்டைக் குண்டுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்ததாம். அவர் தூங்கியிருக்க வேண்டிய கால் மணி நேரம். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைப் பறித்தது ஜெர்மன்காரன் இல்லை. நான்.