விட்டுப்போன வினைமுற்று

நீளமாக எழுதினால் இப்போதெல்லாம் யாரும் படிப்பதில்லை. பதிப்பகத்தில் பிரதி திருத்துகிற எனக்கு அது நன்றாகத் தெரியும். மேற்கோள் நீண்டுகொண்டே போனால் வேண்டாததை எடுத்துவிட்டு, எடுத்த இடத்தில் மூன்று புள்ளி வைப்போம். இங்கே ஏதோ இருந்தது என்று படிப்பவருக்கு நாணயமாகச் சொல்லிவிடுகிற அடையாளம் அது. சொல்லாததைச் சேர்ப்பதுதான் குற்றம். யார் வாக்கியத்திலும் நான் ஒரு சொல்லைச் சேர்த்ததில்லை.

தொண்டையில் அறுவை சிகிச்சை ஆனபிறகு அப்பாவுக்குக் குரல் போய்விட்டது. எல்லாவற்றையும் தாளில் எழுதித்தான் காட்டுவார். பேச்சில் சிக்கனமான மனிதர். எழுத ஆரம்பித்ததும் நிறுத்தத் தெரியவில்லை. அதில் பாதி சின்னவளைப் பற்றி. சின்னவள் என் தங்கை. தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு வெளியூர் போனவள். "இனிமே உன் முகத்துல முழிக்க மாட்டேன்" என்று அப்பா வாசலில் நின்று கத்தியதுதான் அவள் கடைசியாகக் கேட்ட அவர் குரல்.

அப்பா எழுதுவதைக் கணினியில் அடித்து அவளுக்கு அனுப்புவேன். அவளேதான் கேட்டாள்: "வேலைக்கு நடுவுல படிக்கிறேன், கொஞ்சம் சுருக்கி அனுப்புக்கா." சுருக்கினேன். மாத்திரை கசக்கிறது, பக்கத்து வீட்டு நாய் தூங்க விடவில்லை, இதையெல்லாம் எடுத்தேன். யாருக்கும் நஷ்டமில்லை.

ஒருநாள் அப்பா எழுதினார்: "அவள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொன்ன வாயைத்தான் கடவுள் அடைத்துவிட்டார். அவளை வரச்சொல்."

நான் அனுப்பியது: "அவள் முகத்தில் விழிக்க மாட்டேன்..."

தமிழில் வாக்கியத்தின் உயிர் கடைசியில் இருக்கிறது. வால் போனால் தலை வேறு பேசும். இது தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்; தெரிந்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். பயணச்சீட்டு எடுத்து வைத்திருந்த சின்னவள் அதை ரத்து செய்தாள்.

அவர் மனதை அலட்டிக்கொள்ளக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் வருவாள், அழுவாள், நாலு நாளில் போய்விடுவாள். அதற்குப் பிறகு வாசலையே பார்த்துக்கொண்டு கிடப்பவரை யார் பார்ப்பது? கழுத்துக் குழாயைத் துடைப்பது என் கை. முகம் மலர்வது அவள் பெயருக்கு. இதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை.

அவளும் எழுதினாள்: "அப்பாவ மன்னிக்கவே முடியாதுன்னு ஒரு காலத்துல நெனச்சேன்க்கா. இப்ப அவர் பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்தா போதும்னு இருக்கு."

அப்பாவுக்குக் கண் மங்கல். பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுத்தேன்: "அப்பாவ மன்னிக்கவே முடியாது..."

வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் புள்ளிகளின் மேல் விரலை வைத்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கொஞ்சம் நீளமா இருந்துச்சுப்பா. சுருக்கிட்டேன்" என்றேன்.

தலையாட்டினார். என் தொழிலில் அவருக்கு எப்போதும் பெருமை.

அதன்பிறகு அவர் எழுதுவது குறைந்துபோயிற்று. வீடு அமைதியானது. மாத்திரைகளை விழுங்காமல் கன்னத்தில் அடக்கி வைத்திருந்து துப்பியிருக்கிறார். தலையணை உறையை மாற்றும்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதட்டினேன். குழந்தை மாதிரி சிரித்தார்.

கடைசியாக அவர் எழுதிய தாளில் கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. "சின்னவளே, என்றைக்காவது நீ வந்தால் அக்காவைத் தனியாக விட்டுவிடாதே. என்னைப் பார்த்துப் பார்த்தே அவள் வயசு போய்விட்டது. அவளை உன்னோடு வைத்துக்கொள்."

அதில் எங்கே வெட்டுவது என்று எனக்குப் பிடிபடவில்லை. திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு சிறு துண்டுகளாகக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு அவருக்குப் போர்வையை இழுத்துவிட்டேன். காலையில் அவர் எழுந்திருக்கவில்லை.

சின்னவள் வந்தாள். அவர் பாதங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சூடாக்கப் பார்ப்பவள் மாதிரி தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"கடைசியா என்னைப் பத்தி ஏதாவது எழுதினாராக்கா?"

"இல்லடி."

என் தோளில் சாய்ந்தாள். "பரவால்லக்கா. பக்கத்துல நீயாவது இருந்தியே. நீ மட்டும் இல்லன்னா அப்பா என்ன ஆயிருப்பாரு?"

அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இத்தனை காலம் இருந்து நான் சொன்ன ஒரே பொய் அந்த 'இல்லடி'தான். அதை ஒப்புக்கொள்கிறேன்.