மேபல் படம் போட்ட போத்தல்

நான் நன்றாகச் சமைப்பேன், இன்ஸ்பெக்டர் ஐயா. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். வத்தேகமயில் என் ரசத்தைக் குடித்துவிட்டுக் குறை சொன்னவர் ஒருவரும் இல்லை.

மருந்தும் ஒருவகைச் சமையல்தான். கருப்பட்டிப் பாகு, கொஞ்சம் வைன், நாலைந்து வேர், ஒரு துளி பாஷாணம். பயப்படாதீர்கள், வெள்ளைக்கார டொக்டர்மாரும் கொடுக்கிறார்கள். கன்னத்தைச் சிவக்கவைப்பது அதுதான். இரத்தக் கெடுதி, நரம்புத் தளர்ச்சி, மாமியார் தொல்லை, எல்லாவற்றுக்கும் ஒரே போத்தல். மாமியாரை லேபிளில் போடவில்லை. சந்தையில் வாயால் சொல்வதுதான். தேயிலை விலை விழுந்து வாடிக்கிடக்கிற தோட்டத்துச் சனம் விழுந்து விழுந்து சிரிக்கும், சிரித்துக்கொண்டே வாங்கும்.

கண்டியில் அச்சடித்த அந்த லேபிளில் இருப்பது என் மனைவி மேபல். கலியாணம் முடித்து வந்தபோது வெளிறிப்போய் இருந்தாள். என் மருந்து அவளை ரோசாப்பூவாக்கியது. மாதா கோயிலுக்கு ஞாயிறு பூசைக்குப் போனால் பாதிக் கோயில் அவளைத்தான் பார்க்கும். பூசை முடிந்ததும் போத்தல் கேட்டு என்னைத் தேடி வரும். எனக்குப் பெருமை தாங்காது.

கால் மரக்கிறது, வயிறு எரிகிறது என்பாள். வேலை செய்கிற மருந்து கொஞ்சம் படுத்தத்தானே செய்யும்? கூட்டிக் கொடுத்தேன்.

இந்த வருடம், யேசு உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் தொடங்கிய அன்று, சாமியார் நெற்றியில் பூசிவிட்ட சாம்பலோடு வந்து நின்றாள்.

"என்னங்க, பாஸ்கு வரைக்கும் ஒங்க மருந்த விட்டுர்றேன். இனிப்பா இருக்குல்ல, அதான் என்னோட ஒறுத்தல்."

நோன்புக்கென்று வெற்றிலையை விடலாம், தேத்தண்ணிக்குச் சீனியை விடலாம். என் மருந்தையா? ஆனாலும் பக்திக்குக் குறுக்கே நிற்கிறவன் நானில்லை.

கொஞ்ச நாளில் கால் சரியாகிவிட்டது. துள்ளிக்கொண்டு சந்தைக்கு வந்தாள். என் போத்தல்களை விற்கிற ஹபீல் நானா, "தங்கச்சி, மொகத்துல நல்ல தெளிவு. எத்தன போத்தல் குடிச்ச?" என்றார். கடை நிறைய ஆட்கள்.

"மருந்த நிப்பாட்டினேன் நானா, அவ்வளவுதான்."

கள்ளமில்லாத பிள்ளை. கடையே சிரித்தது, நானும் சிரித்தேன். நானா என் போத்தல்களைப் பின்தட்டுக்கு மாற்றினார். வீட்டுக்கு வரும் வழியில் அவள் சொன்னாள்: "பாஸ்கு பூசைக்கு வர்ற எல்லார்கிட்டயும் இதச் சொல்லணுங்க. பாவம் சனங்க."

அன்று முதல் சமையலை நான் எடுத்துக்கொண்டேன். ஒருசந்தி நோன்பு இருக்கிறவளை அடுப்படியில் நிற்க விடலாமா? கஞ்சியிலும் ரசத்திலும் மருந்தைக் கலந்தேன், விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்து. தெரியாமல் குடித்தால் ஒறுத்தல் முறியாது. அவளுடைய நேர்த்தியை நான்தான் காப்பாற்றினேன்.

கன்னம் மறுபடி சிவந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லி என் கையைப் பிடித்து அழுதாள். லேபிளில் இருக்கிற முகத்தை ஆஸ்பத்திரி வாசலில் யாராவது பார்த்தால் என்ன ஆவது? பாஸ்கு முடியட்டும் என்றேன். பெரிய வெள்ளிக்கிழமை இறந்துபோனாள்.

பெட்டியில் வைத்தபோது கன்னத்துக்குக் கொஞ்சம் சிவப்புப் பொடி தடவினேன். அத்தனை அழகு. செத்த வீட்டிலேயே போத்தல் கேட்டார்கள், நானும் கொடுத்தேன்.

எல்லாம் நான் செய்ததுதான், மறைக்க ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் மனதை அறுக்கிறது, ஐயா. கடைசி நாள் அவளுக்கு ரசம் இறங்கவில்லை. கோழிச் சாற்றில் கலந்து ஊட்டினேன். வருடத்திலேயே இறைச்சி தொடக்கூடாத நாள் அது. அந்தப் பாவத்துக்கு மட்டும் எங்கள் கோயில் சாமியாரை ஒருதரம் கூப்பிடுங்கள்.