அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன்

"முழுசா எடுத்துட்டா, அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன்னு சொல்லி சமாளிச்சிடலாம்க்கா."

விஜயநகர் போகும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்து வரிசை சீட்டில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கைக்கு முப்பது வயதுகூட இருக்காது. சுற்றிலும் கன்னடம்தான். தமிழ் யாருக்கும் புரியாது என்று சத்தமாகவே பேசினார்கள். மைசூரில் இருக்கிற தமிழர்கள் எல்லோரும் செய்கிற தப்பு. நானும் தமிழன்தான்.

"எதுடி அப்பெண்டிக்ஸ்? மார்ல கேன்சர். கட்டியை மட்டும் எடுத்தா போதும்னு டாக்டரே சொல்றார்ல?"

"கட்டியை மட்டும் எடுத்தா, ஆமேலே தினமும் ஆஸ்பத்திரிக்கு கரண்ட் வைக்க, அதான் ரேடியேஷனுக்கு, போகணுமே. எங்க போறேன்னு அத்தை கேட்பாங்க. முழுசா எடுத்தா கரண்ட் வேணாமாம். வீட்ல யாருக்கும் தெரியாது."

"மாமியாருக்கு பயந்து மாரை அறுத்துக்குவியா? லூசு! அந்தம்மா கேட்டா என்கிட்ட பேசச் சொல்லு. நான் கொடுக்கறேன் கரண்ட்டு!"

தங்கை சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரிக்கா. கட்டியை மட்டும் எடுக்கச் சொல்றேன். அத்தைகிட்ட இன்னிக்கே நானே சொல்லிடறேன்."

அப்போதுதான் நான் திரும்பினேன். அறிவுகெட்ட என் கண் நேராக அவள் மார்புக்குப் போனது. நிமிர்ந்தால், அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தமிழ் தெரியும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. துப்பட்டாவை இழுத்துக் கழுத்துவரை போர்த்திக்கொண்டாள். செருப்பால் அடித்திருக்கலாம் என்னை.

அக்காவின் காதருகே குனிந்து மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் எனக்குக் கேட்டது.

"வேணாம்க்கா. முழுசாவே எடுத்துடட்டும்."